முதியோருக்கு வரும் இரத்தநாள அழற்சி: அடையாளம் காண்பது முதல் மருந்தைக் குறைப்பது வரை

அறுபதைக் கடந்த ஒருவருக்குத் தலை வலித்தால் இரத்த அழுத்தம் என்கிறோம். தோள் வலித்தால் தேய்மானம் என்கிறோம். எடை குறைந்தால் வயதாகிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்கிறோம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விளக்கமும் பொருந்தவே செய்யும். ஆனால் இவை மூன்றும் ஒரே உடம்பில் ஒரே மாதத்தில் தொடங்கியிருக்கின்றன என்று கவனிக்கும்போதுதான் இரத்தநாள அழற்சி, அதாவது வாஸ்குலைடிஸ் என்னும் நோயின் உருவம் பிடிபடத் தொடங்குகிறது. தலைக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர் என்று சேலம் நகருக்குள்ளேயே மூன்று கிளினிக்குகளுக்கு அலைந்தவர்களிடம் இந்நோய் தாமதமாகத் தெரியவருவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் இரத்தக்குழாயின் சுவரையே தாக்குகின்றன. சுவர் வீங்கினால் குழாயின் உள்வழி குறுகி, அது இரத்தம் கொடுக்கும் உறுப்பு பட்டினி கிடக்கிறது. சுவர் நலிந்தால் குழாய் புடைக்கிறது அல்லது கசிகிறது. எந்த அளவுள்ள குழாய் பாதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பெரிய, நடுத்தர, சிறிய குழாய் நோய்கள் என்று மருத்துவர்கள் இதை வகைப்படுத்துகிறார்கள். முதியோரைப் பொறுத்தவரை அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவை இரண்டு உறுப்புகள்: பெரிய குழாய் நோயில் கண், சிறிய குழாய் நோயில் சிறுநீரகம்.

படி 1: எல்லா அறிகுறிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கடந்த ஆறு மாதங்களில் உடலில் ஏற்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் அது தொடங்கிய காலத்தோடு எழுதுங்கள். பெரியவர்களுக்குத் தேதி நினைவிருக்காது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போதே இந்த வலி இருந்ததா, தீபாவளிக்குப் பிறகு வந்ததா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். நோயின் பெயரை எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, பசியின்மை, காரணமில்லாத அசதி ஆகியவை எந்த வகை இரத்தநாள அழற்சியிலும் வரலாம் என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள், மூட்டு வலிக்குப் போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் அதே தாளின் பின்பக்கத்தில் குறிப்பது அவசியம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கொடுக்கப்படும் புரோபைல்தயோயூராசில், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின் போன்ற சில மருந்துகளே இந்நோயைத் தூண்டக்கூடியவை. போட்டவுடன் மூட்டு வலி மாயமாகப் போய்விடும் ‘பவர் ஊசி’ பெரும்பாலும் ஸ்டீராய்டாகவே இருக்கும். அது நோயைக் குணப்படுத்தாமல், அடையாளங்களை மட்டும் சில வாரங்களுக்கு மறைத்துவிடும்.

படி 2: கண்ணைப் பறிக்கும் வகையை முதலில் விலக்குங்கள்

கண்ணுக்கு ஆபத்தான அந்தப் பெரிய குழாய் நோயான ஜயன்ட் செல் ஆர்ட்டரைடிஸ் என்பது ஐம்பது வயதுக்குக் கீழ் ஏறக்குறைய வருவதே இல்லை. எழுபதுகளில்தான் மிகுதி, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படும் அளவுக்கு இந்தியாவில் இது பதிவாவதில்லை என்பது உண்மைதான் என்றாலும், அரிதான நோய் என்பது வராத நோய் என்று பொருள்படாது. யாரும் எதிர்பார்க்காத இடத்தில்தான் அது கண்ணில் படாமல் தப்புகிறது.

இதற்கு முன் இல்லாத புதுவிதத் தலைவலி, பெரும்பாலும் ஒரு பக்க நெற்றிப்பொட்டில் தொடங்கும். அந்த இடத்தைத் தொட்டால் தடித்த, வலிக்கும் நாளம் விரலில் தட்டுப்படலாம், சிலருக்கு அதில் துடிப்பே இருக்காது. சீப்பு பட்டாலோ, கொண்டை போட்டாலோ, தலையணையில் அந்தப் பக்கம் சாய்ந்தாலோ உச்சந்தலைத் தோல் வலிக்கும். இவற்றைவிடக் குறிப்பான அடையாளம் தாடையில் இருக்கிறது: மென்று கொண்டிருக்கும்போது வலி ஏறி, மெல்லுவதை நிறுத்தியதும் ஓரிரு நிமிடங்களில் வலி தணிந்துவிடும். மாலையில் தட்டுவடை செட் வாங்கி வந்த பேரன் “ஆயா, ஏன் பாதியிலேயே வெச்சுட்ட?” என்று கேட்க, அவர் “தாடை அசந்து போவுது கண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு திங்கறேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லில் கோளாறு இருந்தால் கடித்த முதல் கடியிலேயே வலிக்கும். இங்கேயோ பத்து இருபது முறை மென்ற பிறகு வலி வருகிறது, ஓய்வெடுத்தால் போகிறது. மெல்லும் தசைக்குப் போதிய இரத்தம் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வீட்டில் கிடைக்காது. வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர் திடீரென்று அதைக் குறைத்துக்கொண்டால்கூட ஏன் என்று கேளுங்கள்.

இந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்னும் கூட்டாளி நோயும் இருக்கும். காலையில் எழும்போது இரு தோள்களும் இரு இடுப்புப் பகுதிகளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கும். ரவிக்கையின் கைக்குள் கையை நுழைப்பதும், பாயிலிருந்து எழுவதும் பிறர் உதவியின்றி முடியாமல் போகும். தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும், இது நேரம் ஆக ஆகக் குறையும். இந்த வேறுபாடு தெரியாமல் மாதக்கணக்கில் வலி மாத்திரையில் ஓட்டுபவர்கள் ஏராளம்.

அடுத்துச் சொல்வதை வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு கண்ணில் சில நிமிடங்கள் பார்வை மங்கி மீண்டும் திரும்பினாலோ, திரை விழுந்ததுபோல் பாதி மறைந்தாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. சிகிச்சை தொடங்காவிட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ மறுகண்ணும் போகக்கூடும். ஏற்காட்டிலோ அதற்கு அப்பால் உள்ள மலைக் கிராமங்களிலோ இருப்பவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், பாதிக்கப்பட்டவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று வாரச் சந்தை நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.

படி 3: மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

சிறிய குழாய்களைத் தாக்கும் வகைகளில் முதியோருக்கு முக்கியமானது ஆன்கா (உடலின் வெள்ளணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்) சார்ந்த அழற்சி. அறுபது, எழுபதுகளில்தான் இதுவும் மிகுதி. ஆறாத சளி, மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு, திடீர்க் காது மந்தம், இருமலில் இரத்தம், மூச்சுத்திணறல், கண் சிவப்பு ஆகியவை மாறி மாறி வரும். இதில் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடுகிறது, வலி இருக்காது. சிறுநீர் வரக்காப்பி நிறத்துக்கு மாறுவதும், கலையாத நுரையோடு போவதும், காலையில் முகம் ஊதுவதும் தெரியும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கலாம். அதனால்தான் காரணம் தெரியாத காய்ச்சலும் எடைக் குறைவும் உள்ள எந்த முதியவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனையை நான் முதலில் வைக்கிறேன். எந்தச் சிறிய ஆய்வகத்திலும் செய்யக்கூடிய, மிகக் குறைந்த செலவுள்ள இந்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களும் புரதமும் சேர்ந்து தெரிந்தால், அதே நாளில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியாட்டினின் அளவையும் பார்த்தாக வேண்டும். சில வாரங்களுக்குள் டயாலிசிஸ் வரை போகக்கூடிய நோய் இது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. இருமல், இரத்தம், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் குழிப்புண் என்று வந்தால் காசநோய் என்று நினைப்பது இயல்பு, பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் சளியில் கிருமி ஒருமுறையும் தெரியாமல், காசநோய் மாத்திரைகள் தொடங்கி இரண்டு மாதங்களாகியும் உடம்பு தேறாமல், சிறுநீரிலும் கோளாறு இருந்தால், ஆன்கா பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் பணிவாகக் கேட்கலாம். காசநோயிலேயே ஆன்கா சில சமயம் பாசிட்டிவாக வரும் என்பதால் அந்த ஒரு தாளை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் பல ஆண்டுகள் சிலிக்கா தூசியைச் சுவாசித்தவர்களுக்கு ஆன்கா வகை வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய தொழிலையும் அந்தத் தாளில் எழுதச் சொல்வது இதற்காகவே.

படி 4: தோலையும் நரம்பையும் பார்த்து, போலிகளைப் பிரித்தறியுங்கள்

முழங்காலுக்குக் கீழே, தடவினால் மேடாகத் தட்டுப்படும் செந்நீலப் புள்ளிகள் சிறு குழாய் அழற்சியின் அடையாளம். கண்ணாடித் தம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுக்கும், இது வெளுக்காது. வயதானவர்களின் முன்கையில், இலேசாக இடித்தாலே வரும் தட்டையான கருநீலத் திட்டுகள் தோல் மெலிந்ததால் வருபவை, அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பாதம் திடீரென்று தொங்கிச் செருப்பு நழுவுவதும், சில நாள் கழித்து மறுபக்கக் கை மணிக்கட்டு விழுவதும் நரம்புக்குப் போகும் நுண்குழாய்கள் அடைபட்டதைக் காட்டும். இதைச் சர்க்கரை நரம்பு நோய் என்று ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் சர்க்கரையால் வரும் மரமரப்பு பொதுவாக இரு கால்களிலும் சமமாக, மெல்ல மெல்ல ஏறும்.

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் வாழ்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. புதர்களில் உள்ள நுண்பூச்சியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலும் சிறு இரத்தக்குழாய்களைத் தாக்கும் நோயே. ஆனால் அதற்குக் காரணம் கிருமி. காப்பித் தோட்டத்திலோ மிளகுக் கொடியருகிலோ வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்புக் கயிறு படும் இடம் ஆகியவற்றில், நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பும் உள்ள வலியில்லாத சிறு புண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் தேறுகிறார்கள். இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் விபரீதமாகும். இதய வால்வில் கிருமி படிந்து வரும் எண்டோகார்டைட்டிஸ், ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவையும் இதே வேடத்தில் வரும் என்பதால், சிகிச்சைக்கு முன் அவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் கேட்டால் வீண் செலவு என்று முணுமுணுக்காதீர்கள்.

படி 5: பரிசோதனை முடிவுகளை வயதோடு சேர்த்துப் படியுங்கள்

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகள் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரண்டு. இவற்றில் ஈ.எஸ்.ஆர். வயதோடு கூடும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது உத்தேச உச்ச வரம்பு. ஆகவே 72 வயதுப் பெண்ணுக்கு 41 வரை இயல்பாக இருக்கலாம். இரத்தச் சோகையும் அதைக் கூட்டும். சி.ஆர்.பி. இதைவிட நம்பகமானது, இரண்டையும் ஒன்றாக எடுப்பது நல்லது. சிலருக்கு இரண்டுமே இயல்பாக இருந்து நோய் இருப்பதுண்டு.

கண் சார்ந்த வகையில் நெற்றிப்பொட்டு நாளத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் உள்வழியைச் சுற்றிக் கருவளையம் தெரியும். ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே அது மறையத் தொடங்கும் என்பதால் சீக்கிரம் எடுக்க வேண்டும். பயாப்சி என்றால் பயப்படுபவர்கள் அதிகம். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, குறைந்தது ஒரு சென்டிமீட்டர் நாளத்தை எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அழற்சி நாளம் முழுதும் சமமாகப் பரவாமல் விட்டு விட்டு இருப்பதால், நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பயாப்சிக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது; மருந்தைத் தொடங்கிவிட்டு ஓரிரு வாரங்களுக்குள் எடுத்தாலும் பெரும்பாலும் தெரியும். சிறுநீரக வகையில் ஆன்கா இரத்தப் பரிசோதனையும் சிறுநீரகப் பயாப்சியும் தேவைப்படும்.

எங்கே போவது? முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவு. எழுதிய தாளைப் புறநோயாளிச் சீட்டோடு இணைத்துக் கொடுங்கள், ஏனெனில் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்வதில் பாதி விட்டுப்போகும். மூட்டு மற்றும் நோயெதிர்ப்பியல் நிபுணரின் கருத்து வேண்டுமென்றால், இரயிலில் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குச் செல்வோர் இந்தப் பகுதியில் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று உள்நோயாளியாகச் சேருமுன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: சிகிச்சை எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கீழே உள்ள அளவுகள் மருத்துவர் எழுதியதைப் புரிந்துகொள்வதற்கே, தாமாக வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல. ஜயன்ட் செல் நோய்க்கு பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தினமும் 40 முதல் 60 மில்லிகிராமில் தொடங்கும். பார்வை பாதிக்கப்பட்டிருந்தால் மீதைல்பிரெட்னிசொலோன் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை மூன்று நாள் இரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். பாலிமயால்ஜியா மட்டும் இருந்தால் 12.5 முதல் 25 மில்லிகிராமே போதும், ஒரு வாரத்துக்குள் நோயாளி எழுந்து நடப்பதைப் பார்த்து வீட்டார் வியப்பார்கள். அந்த வியப்பில்தான் ஆபத்து இருக்கிறது: வலி போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் 15 முதல் 20 மில்லிகிராமுக்கும், ஓராண்டில் 5 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழோ இறங்குவதுதான் ஜயன்ட் செல் நோயில் வழக்கமான வேகம். மீண்டும் மீண்டும் நோய் தலைதூக்கினால் டோசிலிசுமாப் ஊசி சேர்க்கப்படும். அமெரிக்காவில் 2017-இல் இந்நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு சி.ஆர்.பி. எப்போதும் குறைவாகவே காட்டும் என்பதால் அறிகுறிகளைத்தான் நம்ப வேண்டும்.

அந்த ஊசியின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் தரப்படுவதுண்டு. இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் “ஞாயிறு மட்டும்” என்று எழுதி, மற்ற மாத்திரை டப்பாவில் போடாமல் தனியே வையுங்கள்.

ஆன்கா வகைக்கு ஸ்டீராய்டோடு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான ரிட்டுக்சிமாப் அல்லது சைக்ளோபாஸ்பமைடு சேர்க்கப்படும். இரண்டாவது மருந்தின் அளவு வயதுக்கேற்பக் குறையும்: எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவு அறுபதைக் கடந்தவர்களுக்கு 12.5 ஆகவும், எழுபதைக் கடந்தவர்களுக்கு 10 ஆகவும், சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இன்னும் கீழாகவும் இறங்கும். ரிட்டுக்சிமாபுக்கு இந்தியாவிலேயே தயாராகும் மாற்று வடிவங்கள் வந்த பிறகு செலவு கணிசமாகக் குறைந்திருக்கிறது. 2020-இல் வெளியான பெக்சிவாஸ் ஆய்வு, ஸ்டீராய்டை விரைவாகக் குறைத்தவர்களும் வழக்கமான அளவு எடுத்தவர்களும் உயிர்காப்பிலும் சிறுநீரகப் பாதுகாப்பிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள், குறைவாக எடுத்தவர்களுக்குக் கடும் தொற்று குறைவாக வந்தது என்று காட்டியது. முதியோருக்கு இது பெரிய ஆறுதல். எங்கள் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு குறைந்த டோஸ் என்று மருத்துவரிடம் சண்டை போட வேண்டியதில்லை.

படி 7: ஸ்டீராய்டுக்கு முன்னும் பின்னும் வீட்டில் செய்ய வேண்டியவை

தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி, மறைந்திருக்கும் காசநோய் ஆகியவற்றுக்குப் பரிசோதனை வேண்டும்; ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு ரிட்டுக்சிமாப் கொடுத்தால் கல்லீரல் நோய் கொந்தளிக்கும். தோட்ட மண்ணில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் நுண்புழு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு கிடைத்ததும் அது உடல் முழுதும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். முன்கூட்டியே ஐவர்மெக்டின் கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், ஆனால் தோட்டத் தொழில் என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பிரெட்னிசொலோனின் பலனைக் குறைத்துவிடும். இரண்டும் ஒருசேரப் போகும்போது அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். ஸ்டீராய்டால் ஏறும் சர்க்கரை வெறும் வயிற்றில் இயல்பாகக் காட்டி மதியத்துக்கு மேல்தான் ஏறும். ஆகவே மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே சரி. உடம்பு தேறட்டும் என்று நம் ஊரில் கொடுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, இந்த நேரத்துக்கு ஆகாது. கேழ்வரகுக் களியோடு கீரையும் பருப்பும் சேர்ப்பது மேல், கேழ்வரகில் கால்சியமும் நிறைய உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை உப்பால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் தருவார்கள்; அதை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால், உடலுக்கான ஸ்டீராய்டை இயற்கையாகச் சுரக்கும், இப்போது தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி விழிப்பதற்குள் மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். வாந்தி, பேதியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட மருத்துவமனைக்குப் போக வேண்டும். 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை அடக்கிக் காட்டும் என்பதால் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் பிதற்றலும் மட்டும் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளை ரிட்டுக்சிமாபுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது, பிறகு போட்டால் பலன் குறையும்.

படி 8: நோய் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்

மாத்திரையைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த மூன்று நான்கு வாரங்களே கவனிக்க வேண்டிய காலம். தலைவலி, தாடை அயர்ச்சி, காலை இறுக்கம், மூக்குப் பொருக்கு, சிறுநீர் நுரை ஆகிய ஐந்தையும் வாரம் ஒருமுறை கேட்டுக் குறியுங்கள். ஆன்கா வகையினர் நலமாக இருந்தாலும், மருத்துவர் சொன்ன இடைவெளி தவறாமல் சிறுநீரையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போகிறோம், காது குத்து இருக்கிறது என்று தவறவிட்ட ஒரு தடவைதான் பலருக்கு வினையாகிறது. ஜயன்ட் செல் வகையினருக்கு, நோய் அடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் மகாதமனி புடைக்கலாம் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரு கைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, குடத்தைத் தூக்கினால் ஒரு கை மட்டும் சீக்கிரம் சோர்ந்தாலோ, மகாதமனிக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று அந்த வருகையிலேயே கேளுங்கள்.